அண்ணையின் மருந்து வாங்கக் குரோய்டன் போனது

செவ்வாய், காலை 6.50. ஹீத்ரோவில் இறங்கும்போது நான் ஊர் பார்க்க வந்தவளாக இருக்கவில்லை. அண்ணையோடு சண்டை பிடிக்க வந்தவளாக இருந்தேன். என்ன சொல்ல வேண்டும், எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்தே மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

நான் வவுனியாப் பக்கத்தில் ஓர் அரச ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடமாக மருந்தாளராக இருக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் லண்டனிலிருந்து மாலா அண்ணி தொலைபேசியில் அழைத்து, சுகம் விசாரிக்காமல் நேரே விஷயத்துக்கு வந்தா.

"மச்சாள், உங்கட கொண்ணர் கஞ்சா பாவிக்கிறார். டொக்டர் தந்தது எண்டு சொல்லுறார். எந்த டொக்டர் கஞ்சா குடுப்பான்? நீங்கள் மருந்து படிச்சனீங்கள். ஒருக்கா வந்து கதையுங்கோ."

எங்கள் பக்கத்தில் கஞ்சா என்றால் ஒன்றுதான் நினைவுக்கு வரும். வடக்குக் கடற்கரையில் பிடிபட்ட கேரள கஞ்சாப் பொதிகள், அவற்றுக்குப் பின்னால் தலைகுனிந்து நிற்கும் இரண்டு மூன்று பேர், வாரத்துக்கு ஒரு தடவையாவது பேப்பரில் வரும் அந்தப் படம். அந்த வரிசையில் என் அண்ணையை வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. விசாவுக்கு அன்றே விண்ணப்பித்தேன்.

விமான நிலையத்துக்கு அண்ணி தனியாகத்தான் வந்திருந்தா. வயோதிபர் இல்லமொன்றில் இரவு ஷிப்ட் முடித்து, அந்தச் சீருடையோடேயே வந்து நின்றா. அண்ணை கார் ஓட்டுவதை விட்டு ஒரு வருடம் ஆகிறதாம். பிக்கடில்லி ரயிலில் ஏறி, ஏர்ள்ஸ் கோர்ட்டில் இறங்கி, டிஸ்ட்ரிக்ட் ரயிலுக்கு மாறி விம்பிள்டன் வந்தோம். பெட்டிகளோடு ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. புட்னியில் ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் வெயிலில் மினுங்கியது. அழகான இடம் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணி கண்ணை மூடிக்கொண்டிருந்தா. நித்திரை என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் கண்ணீரை அடக்கிக்கொண்டிருக்கிறா.

செவ்வாய், முற்பகல். தெற்கு விம்பிள்டனில் மாடிக் கட்டடமொன்றின் இரண்டாம் தளம். கதவைத் திறந்ததும் சாம்பிராணி வாசம். அதற்கு அடியில் இன்னொரு மணம், எலுமிச்சைத் தோலையும் மிளகையும் சேர்த்து நசுக்கினது போல. அண்ணி போய் யன்னலைத் திறந்துவிட்டா.

தேவன் அண்ணைக்கு ஐம்பத்தொன்பது வயது. இருபத்துநாலு வயதில், போர்க்காலத்தில், எறிகணை வெடித்து இடுப்பில் செல்துண்டு பட்டது. பெரிய துண்டைக் கொழும்பில் எடுத்தார்கள். மிச்சம் உள்ளேயே இருக்கிறது. லண்டனுக்கு வந்து, பெட்ரோல் ஸ்டேஷனில் நின்று, பிறகு கொலியர்ஸ் வூட்டில் சொந்தமாகப் பெயர்ப்பலகை அச்சிடும் கடை போட்டு, இருபது வருடம் ஓடினார். அதுவரை பொறுத்திருந்த நரம்பு ஐம்பது வயதுக்குப் பிறகு பழி வாங்கத் தொடங்கியது. இடுப்பிலிருந்து பெருவிரல் வரை கொதிநீர் ஊற்றினது போல எரிவு. ஒரு மாத்திரை பகலெல்லாம் தூங்க வைத்தது. இன்னொன்று வயிற்றைக் கட்டிப்போட்டது. மோர்பின் வகையில் ஒன்று கொடுத்தார்கள், அது ஆளையே மாற்றிவிட்டது. கடையை விற்றாயிற்று.

இதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் சாப்பிட்டு முடிந்ததும் பேச்சைத் தொடங்கினேன். நீங்கள் படித்தவர், அண்ணியைப் பாருங்கோ, ஊரில் தெரிந்தால் என்ன கதைப்பார்கள் என்று ஒழுங்கு தவறாமல் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டார். நான் முடித்த பிறகு மேசையைப் பிடித்து எழும்பிப் போய், அலுமாரியிலிருந்து ஒரு சின்ன வெள்ளை டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"நீ என்னை நம்ப வேண்டாம், வதனி. இதை வாசி."

ஆயிரக்கணக்கான மருந்துப் போத்தல்களுக்குச் சீட்டு ஒட்டியவள் நான். போலிச் சீட்டைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். இது போலி இல்லை. அண்ணையின் முழுப்பெயர், பிறந்த தேதி, வைத்தியரின் பெயர், கொடுத்த நாள், எத்தனை கிராம், ஒரு நாளைக்கு எவ்வளவு. ஆவியாக்கும் வேப்பரைசரில் மட்டும் பாவிக்கவும், புகைக்கக் கூடாது. தலை கிறுகிறுத்தால் வாகனம் ஓட்டக் கூடாது. அதற்குக் கீழே கஞ்சாவின் இரண்டு முக்கிய இரசாயனங்களின் அளவும் வகையும்: டி.எச்.சி. பத்து வீதம், சி.பி.டி. பத்து வீதம், ஹைபிரிட், சமநிலை.

இந்த நாட்டில் விசேட வைத்தியர் ஒருவர் எழுதிக் கொடுத்தால் இது சட்டப்படி மருந்து. மற்ற மருந்துகள் சரிவராதவர்களுக்குத்தான் கொடுப்பார்களாம். அண்ணைக்குக் கிடைப்பது தனியார் கிளினிக்கில், கைக்காசுக்கு. எனக்குக் கோபம் தணிந்தது. ஆனால் பயம் தணியவில்லை. அண்ணியின் பயத்துக்கும் காரணம் இருந்தது. போன வருடம் முதன்முதலாகக் கொடுத்தது டி.எச்.சி. கூடின வகை. அதைப் பாவித்த இரண்டாம் நாள் நெஞ்சு படபடத்து, சாகப்போகிறேன் என்று அண்ணை நிலத்தில் குந்திவிட்டார். அம்புலன்ஸ் வந்தது. இதயத்தில் ஒன்றுமில்லை, மருந்தின் வேலை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதன் பிறகுதான் இந்தச் சமநிலை வகைக்கு மாற்றினார்கள். அது ஒத்துக்கொண்டது. ஆனால் அண்ணியின் கண்ணில் அந்த நாள் போகவில்லை.

இப்போது புதுப் பிரச்சினை. அந்த வகை முடிந்துவிட்டது, இனி வராது. டப்பாவில் நாலு நாளுக்குத்தான் இருக்கிறது. வேறொன்று எழுத வியாழக்கிழமை குரோய்டனுக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். "திரும்பவும் அப்பிடி வந்தால் நான் தாங்கமாட்டன்" என்றா அண்ணி. நான் கூடப் போகிறேன் என்றேன்.

வியாழன், காலை 10.15. விம்பிள்டன் நிலையத்துக்குள்ளேயே ட்ராம் வந்து நிற்கிறது. எவ்வளவு தூரம் போனாலும் ஒரு பவுண் எழுபத்தைந்து பென்ஸ். ஏறும் முன் நடைமேடையில் உள்ள மஞ்சள் கருவியில் அட்டையைத் தொட வேண்டும். மறந்தால் தண்டம் என்று அண்ணை இரண்டு தடவை சொன்னார். பச்சையும் வெள்ளையுமான வண்டி. மெர்ட்டன் பார்க் தாண்டியதும் வீடுகளின் பின்பக்கங்கள் வருகின்றன. காயப்போட்ட உடுப்பு, பிள்ளைகள் துள்ளும் வலை, ஒரு வீட்டில் தக்காளிச் செடி. மிட்சம் ஜங்ஷனுக்குப் பிறகு திடீரென்று மரமும் புல்லும். லண்டனா என்று கேட்கத் தோன்றும். தெரேப்பியா லேன் என்று ஒரு தரிப்பு இருக்கிறது; தெரபி என்றால் சிகிச்சை. நோயாளியைக் கூட்டிக்கொண்டு போகிற எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது.

ஆசனம் கிடைத்தும் அண்ணை அரைவாசித் தூரம் நின்றுகொண்டே வந்தார். இருந்தால் எரிவு கூடுமாம். கிழக்குக் குரோய்டனில் இறங்க முப்பத்தைந்து நிமிடம் ஆனது.

நேரம் இருந்ததால் மெல்ல நடந்தோம். வெல்லஸ்லி றோட்டில் குடிவரவுத் திணைக்களத்தின் பெரிய கட்டடத்தின் முன் அண்ணை நின்றார். அகதியாக வந்தபோது இதன் வாசலில்தான் விடியவே வந்து வரிசையில் நின்றாராம். அந்த வரிசையில் நின்ற குளிரில்தான் இடுப்பு முதன்முதலாக எரிந்தது என்று, வேறொருவருடைய கதை போலச் சொல்லிவிட்டு நடந்தார். முப்பது வருடமாக அவர் எனக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் அது இருக்கவில்லை.

கிளினிக் ஒரு பல்வைத்தியருக்கு மேல்மாடியில். வைத்தியர் ஐம்பது வயதுப் பெண்மணி. கேள்விகளில் ஒன்றையும் தவறவிடவில்லை. எத்தனை தடவை எடுக்கிறீர், குறித்ததற்கு மேல் எடுக்கத் தோன்றியதா, இதயம் எப்படி, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா, கார் ஓட்டுகிறீரா. டப்பாவை வாங்கி மிச்சத்தை நிறுத்துப் பார்த்தா. கணக்குச் சரியாக இருந்தது. அண்ணை அளவைக் கொஞ்சம் கூட்டித் தரக் கேட்டார். மாட்டேன் என்று சொல்லிவிட்டா. அந்த 'மாட்டேன்' எனக்குள் பாதிப் பயத்தை எடுத்துவிட்டது. இல்லை என்று சொல்லத் தெரிந்த வைத்தியரை நான் நம்புவேன்.

வியாழன், மதியம் 12.30. மருந்தகம் பக்கத்துத் தெருவில். அங்கே இருந்த மருந்தாளர் ரேவதி என்ற சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண், படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நானும் மருந்தாளர் என்று அண்ணை சொன்னதும் உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டார்.

"இண்டிகா தூங்க வைக்கும், சட்டிவா சுறுசுறுப்பா வைக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க, அக்கா. அதை நான் நம்பறதில்லை" என்றார். அந்தப் பெயர்கள் செடியின் உருவத்தைச் சொல்பவையாம். குட்டையாய் அகன்ற இலையோடு வளர்வது ஒன்று, உயரமாய் மெல்லிய இலையோடு வளர்வது மற்றது. இரண்டையும் கலந்தது ஹைபிரிட். பல தலைமுறையாகக் கலந்து கலந்து, இப்போது கிடைப்பதில் ஏறக்குறைய எல்லாமே கலப்புத்தான். கலப்பிலும் ஒன்று மேலோங்கி நிற்பது உண்டு. எதுவும் மேலோங்காததைச் சமநிலை என்கிறார்கள். ஆளை அடித்துப் போட்டது போலப் படுக்க வைக்காது, தலையைச் சுழல விடாது, நோவின் முனையை மட்டும் மழுக்கும் என்று எதிர்பார்ப்பு.

"ஆனா அந்த வார்த்தையை விட நம்பரைத்தான் பார்க்கணும்" என்று புது டப்பாவைத் திருப்பிக் காட்டினார். டி.எச்.சி.தான் நோவைக் குறைப்பது, மயக்கம் கொடுப்பது, கூடினால் நெஞ்சைப் படபடக்க வைப்பதும் அதுதான். சி.பி.டி. போதை தராது. சிலருக்கு டி.எச்.சி.யின் முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் அடக்கும். சிலருக்கு அடக்காது, உத்தரவாதம் இல்லை. புது வகையில் டி.எச்.சி. ஒன்பது, சி.பி.டி. பத்து. பழையதைக் கிட்டத்தட்ட அப்படியே ஒத்தது என்றார். மணம்தான் வேறு. மாதிரிக்கு அந்தச் செடியின் காய்ந்த பூவொன்றை முகரத் தந்தார். பச்சை நிறத்தில், நுனியில் ஊதாச் சாயலோடு, சீனி தூவினது போல மினுங்கியது. எலுமிச்சை இல்லை. ஈரமண்ணும் கராம்பும், பின்னால் பழுத்த மாம்பழம் போல ஒரு நெடி.

முதல் நாள் வழக்கமான அளவில் பாதி, தனியாக இருக்கும்போது வேண்டாம், பதினைந்து நிமிடம் பொறுத்துப் பார்த்த பிறகே மிச்சம், எங்கே போனாலும் சீட்டு ஒட்டின டப்பாவிலேயே கொண்டு போகவேண்டும். எல்லாவற்றையும் ஒரு தாளில் தமிழில் எழுதித் தரச் சொன்னேன், அண்ணிக்காக. எழுதித் தந்தார்.

வியாழன், பிற்பகல் 2.05. திரும்பும் ட்ராமில் எனக்கு மனம் லேசாக இருந்தது. விம்பிள்டனில் இறங்கி வெளிவாசலை நோக்கி வரும்போதுதான் கறுப்பு நாயொன்றோடு இரண்டு பொலிசார் நிற்பதைக் கண்டேன். நாய் சனத்துக்குள்ளால் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. அண்ணைக்கு முன்னால் வந்ததும், மணம் பிடித்ததைக் காட்ட, அப்படியே குந்தியது.

போர்க்காலத்தில் ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் காட்டியவள் நான். சீருடைக்காரன் ஒருத்தன் "இதென்ன?" என்று கேட்டால் உண்மையைச் சொன்னாலும் பொய் போலவே நாக்குக் குழறும். எத்தனை பேர் அப்படிக் கேள்வி கேட்கப்பட்டு, ஓரமாக நிற்கச் சொல்லப்பட்டு, பிறகு வீட்டுக்கு வராமலே போனார்கள். அவர்களுடைய பெயரும் விபரமும் என் தலைக்குள் ஓடின. அண்ணையின் கையை இறுக்கிப் பிடித்தேன்.

அவர் மெல்லக் கையை விடுவித்தார். "பயப்பிடாதை, பிள்ளை. இது அந்த இடமில்லை."

பொலிஸ்காரர் இளம் ஆள். பையில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மருந்து இருக்கிறது, எடுத்துக் காட்டலாமா என்று அண்ணை கேட்டார். மூடி உடைக்காத டப்பா, மருந்துச் சீட்டின் பிரதி, அடையாள அட்டை, மூன்றையும் கொடுத்தார். பொலிஸ்காரர் டப்பாவில் உள்ள பெயரையும் அட்டையில் உள்ள பெயரையும் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டார். எங்கள் பெயர்களின் நீளத்துக்கு அது நேரம் எடுத்தது. பிறகு எல்லாவற்றையும் திருப்பித் தந்து, மறித்ததற்கு மன்னிக்கவும் சேர், நோவு குறைந்தால் சரி என்றார். நாயின் தலையைத் தடவி அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

மொத்தம் நாலு நிமிடம் இருக்கும். நான் அங்கிருந்த இரும்பு வாங்கொன்றில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தது, நிறுத்தவும் முடியவில்லை. அண்ணை பக்கத்தில் இருந்தார். இருந்தால் எரியும் என்று தெரிந்தும் நான் ஓயும்வரை இருந்தார்.

வியாழன், மாலை 6 மணி. கோடைகாலம், வெயில் இன்னும் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. நடந்ததை அண்ணியிடம் சொன்னேன். பொலிசே பார்த்துத் திருப்பிக் கொடுத்ததா என்று மூன்று தரம் கேட்டா. ரேவதி எழுதித் தந்த தாளைக் கண்ணாடி போட்டு வாசித்தா. பிறகு, வழக்கமாக அந்த நேரம் குசினிக்குள் போய்விடுகிறவ, கதிரையை இழுத்து அண்ணைக்கு முன்னால் போட்டு இருந்தா.

வேப்பரைசர் என்பது டோர்ச் லைட் அளவில் ஒரு கருவி. நெருப்பு இல்லை. பூவைத் தூளாக்கி உள்ளே வைத்தால் சூடேற்றி ஆவியாக்கும். அண்ணை பாதி அளவு வைத்து இரண்டு தடவை இழுத்தார். நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினேன். எழுபத்தெட்டு. ஐந்து நிமிடத்தில் எண்பத்தாறு. அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. பத்து நிமிடத்தில் எண்பத்தெட்டு. இன்னும் ஏறினால் என்ன செய்வது என்று நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன். பதினைந்தில் எண்பத்துநாலு. வாய் காய்கிறது என்றார், தண்ணீர் கொடுத்தோம். கண் கொஞ்சம் சிவந்திருந்தது. வேறொன்றும் இல்லை.

"எப்பிடி இருக்கு?" அண்ணி கேட்டா.

அண்ணை காலை நீட்டி மடக்கிப் பார்த்தார். "எரிவு இருக்கு. ஆனால் பக்கத்து வீட்டிலை எரியிற மாதிரி இருக்கு."

அண்ணி சிரித்தா. நான் வந்த பிறகு அவ சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

ஞாயிறு, காலை 9.30. மூன்று பேருமாக வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போனோம். ஏர்ள்ஸ் கோர்ட்டில் ஒரு மாற்றம், ஈலிங் புரோட்வேயில் இன்னொன்று. பிறகு நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. அண்ணைக்கு இருபத்தைந்து நிமிடம் எடுத்தது. இரண்டு இடத்தில் மதிலைப் பிடித்து நின்றார். மருந்து வந்ததும் துள்ளி ஓடுவார் என்று யாராவது நினைத்தால் அது பிழை. சில நாள் நல்ல நாள், சில நாள் இல்லை என்று அவரே சொல்கிறார். அளவு மீறினால் அடிமையாக்கவும் கூடிய பொருள் என்று வைத்தியர் எனக்கு முன்னால்தான் எச்சரித்தா. இருந்தாலும் அன்று பூசை முடியும் வரைக்கும் நிலத்தில் சம்மணம் போட்டு இருந்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு. அண்ணி அம்மனைப் பார்த்ததைவிட அவரைத்தான் கூடப் பார்த்தா.

வாசலில் அண்ணிக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, என்ன தேவன் அண்ணை நல்லாய்த் தேறிவிட்டார், என்ன வைத்தியம் என்று விசாரித்தா. நான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். ஏதாவது தைலம் என்று சொல்லிச் சமாளிப்பா என்றே நினைத்தேன்.

"கஞ்சா மருந்து. டொக்டர் எழுதித் தாறவர்" என்றா அண்ணி. "பொலிசுக்கும் தெரியும்."

வெள்ளி, மாலை 4 மணி. விமான நிலையத்துக்கு இருவரும் வந்தார்கள். ஒருக்கா ஊருக்கு வாங்கோ என்று அண்ணையிடம் கேட்டேன். இந்த டப்பாவோடு கட்டுநாயக்காவில் இறங்க முடியாது, இது இல்லாமல் பத்து மணித்தியாலம் விமானத்தில் இருக்கவும் முடியாது என்றார். முந்தி வராததற்கு வேறு காரணம், இப்போது இந்தக் காரணம். கவலையாகச் சொல்லவில்லை. நீதான் அடுத்த கோடைக்கு வா, உன்னைக் கண்டால் இவள் சமையலைக் கூட்டுறாள் என்றார்.

எங்கள் மருந்துச் சாளரத்துக்கும் இதே செல்துண்டுகளோடு ஆட்கள் வருகிறார்கள். பனடோலையும் நரம்பு மாத்திரையையும் வாங்கிக்கொண்டு, அடுத்த மாதம் அதே எரிவோடு திரும்ப வருவார்கள். லண்டனில் கண்டதை அவர்களுக்குக் கொடுக்க என்னிடம் வழியில்லை, கள்ளமாக வாங்குங்கோ என்றும் சொல்லமாட்டேன். அதில் எத்தனை வீதம் எது இருக்கிறது என்று அந்தப் பொதியில் யாரும் எழுதி ஒட்டுவதில்லை. ஆனால் இனி யாராவது எரிகிறது என்று சொன்னால், இரவில் அந்த எரிவுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்பேன். கஞ்சா என்று மறைக்காமல் சொன்னாலும் முகத்தைச் சுளிக்கமாட்டேன். இருபத்தாறு வருடத்தில் நான் முகம் சுளித்த ஆட்களை எனக்கு நினைவிருக்கிறது.

வவுனியா பஸ்ஸில் ஏறி இருந்தபோது அண்ணியின் குரல்செய்தி வந்தது. சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்களா என்று கேட்டுவிட்டு, தொடர்ந்து முறைப்பாடு: "உங்கட கொண்ணர் ராத்திரிப் பத்துக்குப் படுத்தவர், ஏழு மணிக்குத்தான் எழும்பினவர். ஒரே குறட்டை, மச்சாள். எனக்குத்தான் நித்திரை இல்லை."

இரண்டாம் முறையும் போட்டுக் கேட்டேன். பிறகு யன்னலோரம் தலையைச் சாய்த்து, வவுனியா வரும்வரை நன்றாகத் தூங்கினேன்.